பூசாத சேறு

என்னை ஆறுதல் சொல்லும் வேலைக்கு எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எங்கள் ஊர் லாரி நிறுத்தத்தில் சிரிக்காத ஆள் இல்லை. நான் சோற்றுக்கடை யேமா. குழம்பு குறைவு என்று எந்த ஓட்டுநராவது முனகினால், "உன் கல்யாணத்துக்கு அண்டாவோட ஊத்தறேன், இப்பத் தின்னுட்டுக் கிளம்பு" என்று சொல்கிறவள். ஆறுதலுக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆனால் அது எபோலா வந்த வருஷம். சந்தை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, நாலு பேர் சேர்ந்து சாப்பிடக்கூடாது என்று என் கடையையும் மூடியாயிற்று. கைகொடுக்காமல் யாரும் யாரையும் கடந்துபோகாத ஊரில், ஆள் எதிரே வந்தால் கையை அக்குளில் செருகிக்கொண்டு நடந்தார்கள். செத்தவர் வீட்டுக்குப் போய் உட்காரவும் ஆள் இல்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய்வர ஆள் வேண்டும் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் வந்தபோது, எந்த வீட்டுக் கதவும் யாருக்குத் திறக்கும் என்று யோசித்தார்கள். என் கடையில் சாப்பிடாத குடும்பம் இல்லை. அப்படித்தான் என்னைப் பிடித்தார்கள்.

ஊர்க்கூட்டம் கூடும் பாரிக் கொட்டகையில், ஆளுக்கு ஆள் தள்ளி உட்காரவைத்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நர்ஸ் ஃபிண்டா. கோனோ மாவட்டத்துக்காரர். மனசுக்கு வைத்தியம் படித்தவர். எங்கள் நாட்டில் அதைப் படித்தவர்கள் எல்லோரையும் ஒரே பொடாபொடா வேனில் ஏற்றினாலும் இன்னும் சீட்டு மிச்சமிருக்கும்.

"ஆறுதல் சொல்றது உங்க வேலை இல்ல. வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உக்காருறதுதான் வேலை" என்றார் அவர்.

"அப்ப என்னை எதுக்கு சிஸ்டர் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் காலையிலேர்ந்து யோசிக்கிறேன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முதலில் எனக்குக் கொடுத்தது ஜெபேயின் வீடு. அவள் கணவன் லன்சனா தச்சன். ஆகஸ்ட் மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஜெபேதான் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். உடம்பெல்லாம் மூடிய வெள்ளை உடைக்காரர்கள் வந்து அவனைச் சிகிச்சை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. அவன் பின்னாலேயே எட்டு வயது மகள் பெந்துவுக்கும் கண்டது. அவளையும் கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளை பிழைத்து வந்துவிட்டது. ஆனால் வந்த நாளிலிருந்து பெற்றவள் அதைத் தொடவே இல்லை. ஜெபே தன் மகளைத் தொட வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

நான் போனபோது பெந்து வாசலில், அப்பன் பாதியில் விட்டுப்போன கட்டில் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஜெபே சோற்றுத் தட்டை முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றாள். அதன் பிறகு பிள்ளை இறங்கிவந்து தட்டை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போனது. அதில் அவர்கள் நன்றாகப் பழகியிருந்தார்கள்.

"உடம்பு எப்படி ஜெபே?"

"ஆண்டவனுக்கு நன்றி அக்கா."

கொடுத்தனுப்பிய படத்தாள்களை விரித்தேன். "பொழைச்சு வந்த பிள்ளைகிட்ட நோய் இருக்காது."

"தெரியும்."

"அவ துணியைத் துவைக்கலாம், அவ தட்டுல தின்னலாம்."

"தெரியும்."

"கட்டிப்பிடிச்சுக்கலாம். இந்தப் படத்தைப் பாரு, எப்படிப் பிடிச்சிருக்கா!"

"தெரியும்கா. முகாம்லயே சொல்லித்தான் அனுப்பினாங்க."

எனக்குப் பொறுமை போயிற்று. "எல்லாம் தெரிஞ்சும் மரம் மாதிரி நின்னா என்னடி அர்த்தம்? பெத்தவதானே நீ?" என்று கத்திவிட்டு, "இப்படி வாடி கண்ணு" என்று பிள்ளையைக் கூப்பிட்டேன். பெந்து தாயைப் பார்த்தாள். ஜெபே தலையசைத்தாள். பிள்ளை வந்தாள். இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கையும் காலும் விறகுக்குச்சி. முதலில் விறைப்பாக இருந்தவள், கொஞ்ச நேரத்தில் பாரத்தை முழுக்க என் மேல் விட்டாள்.

ஜெபே அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிரு அக்கா. இடது காதுக்குப் பின்னால சொறிஞ்சு விடு. அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

சொறிந்துவிட்டேன். ஜெபேயின் கண்கள் என் விரல்களை விட்டு நகரவில்லை. அந்த வருஷம் நான் பயத்தைத் தவிர வேறெதையும் அதிகமாகப் பார்த்ததில்லை. இது அது இல்லை. அவளுக்குப் பசி. சோற்றுக்கடைக்காரிக்குப் பசி தெரியாதா? அப்படியானால் எதற்காகத் தொடாமல் நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

கிளம்பும்போது பிள்ளை வேலி வரைக்கும் வந்தாள். "முகாம்ல எல்லாரும் தூக்குவாங்க பெரியம்மா. முகமே தெரியாது, கண்ணாடிக்குள்ள கண்ணு மட்டும்தான் தெரியும். ஆனா தூக்குவாங்க" என்றாள். புகார் சொல்லும் குரல் இல்லை. சும்மா ஒரு செய்தியைப் போலச் சொன்னாள். வீடு வந்து சேரும் வரைக்கும் வழியெல்லாம் அழுதேன்.

நடந்ததை நர்ஸ் ஃபிண்டாவிடம் சொன்னேன். "அவளுக்கு நோய்ப் பயம் இல்லன்னு நீயே சொல்றே. அப்ப வேற எதுக்குப் பயப்படுறான்னு கேட்டியா?" என்றார்.

"கேக்க எங்க விட்டேன், நான்தானே பேசிட்டிருந்தேன்."

"இந்தத் தரம் போய்ச் சும்மா இரு. அவ பேசற வரைக்கும் சும்மா இரு."

மறுபடி போனபோது ஜெபே உரலில் மரவள்ளிக் கீரை இடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு உலக்கையை எடுத்து நானும் கூடச் சேர்ந்தேன். அவள் ஒரு குத்து, நான் ஒரு குத்து. பிள்ளை பட்டறைப் பக்கம் மரச்சுருளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கோ வாய் நமநமவென்றது. மழையைப் பற்றி ஒன்று சொல்லலாமா, கீரை முற்றல் என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தவித்தேன். அந்தக் கீரையை அவ்வளவு நைசாக நான் வாழ்க்கையில் இடித்ததில்லை.

கடைசியில் அவளே உலக்கையை நிறுத்தினாள்.

"அக்கா, உன் வீட்டுக்காரர் போனப்ப உனக்குச் சேறு பூசினாங்களா?"

"பூசினாங்க" என்றேன்.

எங்களில் கணவன் செத்தால் அவன் உடலைக் கழுவிய தண்ணீரில் மண்ணைக் குழைத்து, அவன் வீட்டுப் பெண்கள் மனைவியின் மேல் பூசுவார்கள். பிறகு ஓடைக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிடுவார்கள். அதோடு அவன் கை அவளை விட்டுவிடும். அதுவரைக்கும் அவள் அவனுடையவள். அவள் எதைத் தொட்டாலும் அவனும் சேர்ந்துதான் தொடுகிறான். என் புருஷன் உயிரோடு இருந்தபோதே என் மடிச் சில்லறையை விட்டுக் கையை எடுக்காத குடிகாரன். அந்தச் சேறு கழுவிய சாயங்காலம் என் முதுகு நிமிர்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பொரித்த மீனைத் தனி ஆளாக உட்கார்ந்து தின்றேன்.

"எனக்குப் பூசல" என்றாள் ஜெபே.

"இந்த வருஷம் யாருக்குமே பூசலடி. பிணத்தைக் கழுவக்கூடாதுன்னுட்டாங்களே."

"மத்தவங்களுக்கு எப்படியோ, எனக்குத் தெரியாது. அவர் போயிட்டாருன்னு செய்தி வந்த அன்னைக்கு நான் பெந்துவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவளை விடவே இல்ல. மறுநாள் காலையில அவளுக்குக் காய்ச்சல்." அவள் உரலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்குப் பெந்துன்னா உசுரு அக்கா. தனியாப் போக அவருக்கு மனசு வரல. என் கை வழியா அவளைக் கூப்பிட்டார். முகாம்ல எப்படியோ அவர்கிட்டேர்ந்து பிடுங்கிக் குடுத்தாங்க. மறுபடி நான் தொட்டா, இந்தத் தரம் விடுவாரா?"

பிள்ளைக்கு நோய் தகப்பனிடமிருந்து முன்னமே ஒட்டியிருக்கும், உடம்புக்குள் கிடந்து மெதுவாகத்தான் வெளியே வரும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் சேறு பூசாத கை என்னவென்று எனக்கும் தெரியுமே. எனக்கு இரண்டுமே உண்மை. என் படத்தாள்களில் இதற்குப் படம் இல்லை.

"அப்ப இப்படியே எத்தனை நாளைக்குடி?" என்று மட்டும் கேட்டேன்.

"அவ வளர்ந்துடுவா. கல்யாணம் பண்ணி வேற ஊருக்குப் போயிடுவா. அங்க அவர் கை எட்டாது. அது வரைக்கும் பொறுத்துக்குவேன்."

அவள் அதை யோசித்து, கணக்குப் போட்டு, மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். ஊர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசியது. நானும்தான் பேசினேன்.

"இது பைத்தியமா சிஸ்டர்?" என்று நர்ஸ் ஃபிண்டாவிடம் கேட்டேன்.

"பைத்தியமா? எங்க ஊர்ல இப்படி ஆகியிருந்தா நானும் அப்படித்தான் நின்னிருப்பேன். கட்டு அவிழாத பொம்பளை அவ. என்கிட்ட மாத்திரை இருக்கு யேமா, தூங்க வைக்கும். கட்டை அவுக்காது. அவுக்கற உரிமை யாருக்கு இருக்கு?"

"லன்சனாவோட அக்கா நியாண்டாவுக்கு."

"அவங்களைப் போய்ப் பாரு. செத்தவங்களைத் தோண்டக்கூடாது, தொடக்கூடாது. அது ஒண்ணுதான் என் சட்டம். மத்ததெல்லாம் உங்க வீட்டு விஷயம், நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

நியாண்டாவைப் போய்ப் பார்ப்பதும் புற்றுக்குள் கைவிடுவதும் ஒன்று. பனை எண்ணெய் வியாபாரம். வீடு நிறைய மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். ஜெபேயின் பேரை எடுத்ததுமே எழுந்துவிட்டாள்.

"அந்தப் பேரை என் முற்றத்துல எடுக்காதே. போன் போட்டு என் தம்பியைப் பிடிச்சுக் குடுத்தவ. வீட்ல வெச்சிருந்தா நான் பாத்திருப்பேன். வெந்நீர் வெச்சிருப்பேன். கால் பிடிச்சு விட்டிருப்பேன். யாரோ முகமூடி போட்டவங்க நடுவுல செத்தான்."

"அவளுக்கு இன்னும் சேறு பூசல. அதனால பிள்ளையைத் தொட மாட்டேங்கிறா" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

நியாண்டா மறுபடி உட்கார்ந்தாள். பிறகு, "பூச மாட்டேன்னு நான் சொன்னேனா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கோவம் வேற, கடமை வேற. தண்ணி எங்கடி? கழுவாத உடம்புக்கு ஏது தண்ணி? எந்த மூலையில போட்டு மூடினாங்கன்னுகூட எனக்கு யாரும் சொல்லல." திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே பளபளவென்றிருந்த எண்ணெய்த் தகரத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். அழக்கூடாது என்று நினைக்கும்போது பாத்திரம் துடைக்கும் ரகம். நானும் அந்த ரகம்தான், அதனால் தெரிந்தது.

எந்த மூலை என்று தெரிந்தவன் ஒருவன் இருந்தான். மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த லஹாய், அடக்கம் செய்யும் குழுவில் சேர்ந்திருந்தான். சேர்ந்த அன்றே வீட்டுக்காரர் அவன் பாயை வெளியே போட்டார். மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் தனியாகப் படுத்திருந்தான். அவன் போகும் வண்டியைப் பார்த்தால் பெண்கள் காறித் துப்புவார்கள். நியாண்டா துப்பியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

சோறும் மரவள்ளிக்கீரைக் குழம்பும் கொண்டுபோனேன். "தூரத்துல வெச்சுட்டுப் போயிடுக்கா" என்றான்.

"எனக்குத் தட்டு திரும்ப வேணும். தின்னு முடி" என்று எதிரே உட்கார்ந்தேன். தலையைக் குனிந்துகொண்டு தின்றான். லன்சனாவைப் பற்றிக் கேட்டதும் கை நின்றது.

"முதல் வரிசைல இருக்கார், இலவ மரத்துப் பக்கம். பேர்ப்பலகை மழையில போயிடுச்சு. ஆனா எனக்குத் தெரியும். அவரை நான் எப்படி மறப்பேன்? என் அம்மாவுக்குப் பெட்டி செஞ்சு குடுத்தவர்."

மழைக்காலம் முடியப்போகிற நேரம். லஹாய்க்கு இடம் தெரியும் என்றதும் நியாண்டா வருகிறேன் என்று சொன்னது சடங்குக்காக இல்லை. தம்பி கிடக்கும் இடத்தைப் பார்க்க. ஜெபேயையும் கூட்டிவந்தேன். அவளைப் பார்த்ததும் நியாண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் ஃபிண்டா கைகழுவும் தண்ணீர் வாளியோடு கூட வந்தார். முகாமுக்குப் பின்னால் வரிசை வரிசையாக மண்மேடுகள். லஹாய் ஒரு மேட்டைக் காட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

நியாண்டா மேட்டைச் சுற்றிவந்தாள். "எப்படி வெச்சீங்க?" என்று மண்ணைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மேற்க தலை வெச்சு, வலப்பக்கம் திருப்பி. பிளாஸ்டிக் பையில மூடித்தாம்மா வெச்சோம். அன்னைக்கு மாதிரி மழையை நான் பாத்ததே இல்ல. குழி ரொம்பிடுச்சு. வாளியால இறைச்சோம், இறைக்க இறைக்க ரொம்புது. அவரை மேல கிடத்திட்டு நின்னோம். ரொம்ப நேரம் அவர் மேல மழை பெஞ்சுது. தலையிலேர்ந்து கால் வரைக்கும்."

"பை மேலதானே?"

"பை மேலதாம்மா."

"யாராவது அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

லஹாய் காலால் மண்ணைக் கீறினான். "நான் கூப்பிட்டேன். 'லன்சனா அண்ணே, உன் ஆளுங்களை உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. அவங்க வராம இல்ல, விடல. உன் அக்கா இடத்துல நான் நிக்கிறேன், கோவிச்சுக்காம போ'ன்னு சொன்னேன். முகமூடிக்குள்ளேர்ந்துதான் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும்."

நியாண்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பெரிய உருவம் அவளுக்கு. அந்தக் குலுக்கலைப் பார்க்க முடியவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஏன்டா அவ்வளவு தூரத்துல நிக்கிறே? என் இடத்துல நின்னவன் பக்கத்துல வந்து நில்லு" என்றாள். லஹாய் வந்தான். அவன் கையைப் பிடித்து ஊன்றிக்கொண்டுதான் எழுந்தாள்.

எழுந்தவள் மேட்டின் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். மூன்று மாத மழை மேட்டின் மேல் ஓடிக் கீழே ஒரு சின்ன வாய்க்கால் அறுத்திருந்தது. அந்த மண் நைசாக, செக்கச்செவேலென்று படிந்திருந்தது.

"நாங்க கழுவல. மழை கழுவியிருக்கு" என்றாள். "அன்னைக்கும் கழுவியிருக்கு, அப்புறமும் தினம் கழுவியிருக்கு. எங்க அப்பனுக்குக்கூட இவ்வளவு தண்ணி ஊத்தல. கழுவின தண்ணி இந்த வழியாத்தான் ஓடியிருக்கு. இதுதான் மண்ணு."

"இது செல்லுமா நியாண்டா?" என்று கேட்டேன்.

"யாரைக் கேக்கணும்? பூச வேண்டியவ நான். நான் சொன்னாச் செல்லும்."

நர்ஸ் ஃபிண்டாவைப் பார்த்தோம். அவர் குனிந்து பார்த்தார். "மேல படிஞ்ச மண்ணு மட்டும். இத்தனை வெயிலும் மழையும் பாத்த மண்ணு, ஒண்ணும் ஆகாது. தோண்டக்கூடாது" என்றார். பிறகு பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினார்.

"இதை மாட்டிக்கிட்டுப் பூசினா அது சடங்கா, மீன் கழுவறதா?" என்றாள் நியாண்டா. நர்ஸ் கையுறையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பூசி முடித்ததும் கையை மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதோடு விட்டுவிட்டார்.

லஹாய் திரும்பி நின்றுகொண்டான். நானும் நர்ஸும் துணியைத் திரையாகப் பிடித்தோம். ஜெபே இவ்வளவு நேரமும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கூப்பிட்டதும் வந்து மண்டியிட்டாள். நியாண்டா மழைத்தண்ணீர் விட்டு மண்ணைக் குழைத்தாள். நெற்றியில் பூசினாள், தோளில் பூசினாள். கையை எடுத்து உள்ளங்கையில் பூசும்போது நிறுத்தினாள். போன் போட்ட கை அது.

"லன்சனா, கேட்டுக்கோ" என்றாள் நியாண்டா. "இவதான் போன் போட்டா. நானா இருந்தா போட்டிருக்க மாட்டேன். உன்னை என் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருப்பேன். என் கையால உன்னைக் கழுவியிருப்பேன். இன்னைக்கு உன் பக்கத்துல நான் கிடப்பேன், என் மருமக கிடப்பா, என் பேரப்பிள்ளைங்க எல்லாம் கிடக்கும். இவ போன் போட்டா, நாங்க இருக்கோம். எனக்கு இவ மேல கோவம் இருக்கு. அது எனக்கும் இவளுக்கும். உனக்கு இவகிட்ட ஒண்ணும் பாக்கி இல்ல. கையை விட்டுடு. பிள்ளையையும் விட்டுடு. அதை நாங்க பாத்துக்குறோம்."

சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கையிலும் அழுத்திப் பூசினாள். ஜெபே வாய்விட்டு அழுதாள். அந்த ஆகஸ்டிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை என்று அக்கம்பக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஓடையில் நியாண்டாவே அவளைத் தேய்த்துக் கழுவினாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் கழுவினாள். செம்மண் கரைந்து போவதை ஜெபே பார்த்துக்கொண்டே நின்றாள். கரை ஏறியதும் நியாண்டா தான் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த இரண்டு லாப்பாத் துணியில் மேலே இருந்ததை அவிழ்த்து அவளுக்குக் கட்டிவிட்டாள்.

வீட்டுக்கு ஜெபே நடக்கவில்லை, ஓடினாள். நாங்கள் மூச்சிரைக்கப் பின்னால் போனோம். பெந்து முற்றத்தில் நின்றிருந்தாள். தாய் நேராகத் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் பிள்ளை பின்னால் நகர்ந்தாள். இன்னும் நகர்ந்து கதவில் முதுகை ஒட்டிக்கொண்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வராதேம்மா!"

ஜெபே நின்றுவிட்டாள்.

"என்கிட்டேர்ந்து உனக்கு வந்துடும். அதான நீ தொடாம இருந்தே? அப்படியே இரு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"யாரடி சொன்னா உனக்கு?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "என் மடியில உக்காந்தியே, எனக்கு என்ன ஆச்சு?"

"நீ வேற பெரியம்மா" என்றாள் பிள்ளை. "உனக்கு வந்தா வரட்டும். அம்மா செத்துட்டா எனக்கு யார் இருக்கா?"

நான் செத்தால் பரவாயில்லையாம். இன்னொரு நாளாக இருந்தால் நல்ல பதில் கொடுத்திருப்பேன். தாய் மகளைக் காப்பாற்ற என்று தள்ளி நிற்க, மகள் தாயைக் காப்பாற்ற என்று தள்ளி நின்றிருக்கிறாள். ஒரே கூரையின் கீழ், இத்தனை நாளும்.

ஜெபே அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். "உன்கிட்ட ஒண்ணுமே இல்லடி கண்ணு" என்றாள். "எப்பவுமே இல்ல. என்கிட்டதான் ஒண்ணு இருந்துச்சு. அதான் தொடல. இப்ப உங்க அத்தை அதைக் கழுவி விட்டுட்டாங்க. பாரு, கையைப் பாரு." இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினாள். ஓடைத்தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது.

பெந்து அத்தையைப் பார்த்தாள். நியாண்டா தலையாட்டினாள். பிள்ளை அப்போதும் நம்பவில்லை. மெல்ல நடந்துவந்து, தாய்க்கு ஒரு கை தூரத்தில் நின்று, முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையை எடுத்தாள். எடுத்த கையைத் திருப்பி, புறங்கையைத் தாயின் நெற்றியில் வைத்தாள். முகாமில் தினமும் அவளுக்கு யாரோ அப்படி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் கவனமாக நின்றாள்.

"சூடு இல்ல" என்றாள்.

"இல்லைதானே?" என்றாள் ஜெபே.

"இல்ல. ஆனா நாளைக்கும் பாக்கணும்."

"பாரு. தினம் பாரு" என்று சொல்லி ஜெபே அவளை இழுத்துக்கொண்டாள். பிள்ளையின் கால் தரையிலிருந்து கிளம்பிவிட்டது. "போதும் விடுடி, அதுக்கு மூச்சு முட்டுது" என்று நியாண்டா அதட்டினாள். ஜெபே விடவில்லை.